லடாக்கின் சாம் நடன விழாக்கள்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

லடாக்கின் பௌத்த மடங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் முகமூடி நடனத்துக்குச் சாம் என்று பெயர். ஆடுபவர்கள் அந்தந்த மடத்துத் துறவிகள், ஆடும் இடம் மடத்தின் திறந்த முற்றம், நோக்கம் வழிபாடு. சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களில் இதை வண்ணமயமான கலைநிகழ்ச்சியாகக் காட்டுவதால், புதிதாகச் செல்பவர்களில் பலர் அரைமணி நேரம் நின்று, நாற்பது படங்கள் எடுத்துக்கொண்டு, அடுத்த ஏரியைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த விழாக்களின் பொருளும் அழகும் இரண்டு நாளும் அமர்ந்து பார்ப்பவருக்கே பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பயண ஏற்பாடுகள் யாவும், விழா நாட்களில் நல்ல உடல்நிலையோடும் பதற்றமில்லாமலும் முற்றத்தில் அமர்ந்திருப்பதற்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

எந்த விழாவைத் தேர்ந்தெடுப்பது

முதல் பயணத்துக்கு ஹெமிஸ் மடத்தின் சேச்சு விழாவையே பரிந்துரைப்பேன். லே நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், சிந்து நதிப் பள்ளத்தாக்கிலிருந்து விலகிய ஒரு மலை மடிப்புக்குள் இம்மடம் இருக்கிறது. திபெத்திய பௌத்தத்தின் பிரிவுகளில் ஒன்றான துருக்பா காக்யூ மரபைச் சேர்ந்த இந்த மடம், 17ஆம் நூற்றாண்டில் மன்னர் செங்கே நம்கியாலின் ஆதரவில் தழைத்தது. குரு ரின்போச்சே என்று திபெத்திய பௌத்தர்கள் போற்றும் பத்மசம்பவரின் பிறந்தநாளை முன்னிட்டு நடைபெறும் இரண்டு நாள் விழா இது. கோடையில் வருவதால் சாலைகள் திறந்திருக்கும், தங்குமிடம் கிடைக்கும், குளிரும் தாங்கக்கூடியதாக இருக்கும். கூட்டம் அதிகம் என்பது மட்டுமே குறை.

கூட்டம் வேண்டாம் என்பவர்கள் கோடையிலேயே வேறு சில விழாக்களைப் பார்க்கலாம். லாமாயூரு மடத்தின் யூரு கப்கியாத், லேவுக்கு மிக அருகிலுள்ள பியாங் மடத்தின் சேதுப், ஞிங்மா மரபைச் சேர்ந்த டக்தோக் மடத்தின் சேச்சு ஆகியவை ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தில் வருகின்றன. சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் மடத்தின் கஸ்டோர் விழாவும் கோடையில்தான் நடக்கிறது. ஆனால் அந்த ஊர் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், மலைக்கே புதியவர்கள் அதை முதல் விழாவாக வைத்துக்கொள்ளக் கூடாது. அயல்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் அந்தப் பகுதிக்குத் தனி அனுமதி பெற வேண்டியிருக்கும்; ஹெமிஸுக்கு அத்தகைய அனுமதி தேவையில்லை.

குளிர்கால விழாக்களின் தன்மையே வேறு. ஜனவரியை ஒட்டி வரும் ஸ்பிடுக் கஸ்டோர், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் மாத்தோ நக்ராங் ஆகியவற்றில் உள்ளூர் மக்களே பெரும்பான்மையாக இருப்பார்கள். மாத்தோவில், பல வாரங்கள் தனிமைத் தவத்தில் இருந்த இரண்டு துறவிகள் மீது தெய்வம் இறங்குவதாக மக்கள் நம்புகிறார்கள். அவர்கள் அருள்வந்த நிலையில் மடத்தின் கூரை விளிம்பில் ஓடுவதையும், ஊருக்குக் குறி சொல்வதையும் காணப் பள்ளத்தாக்கு முழுவதும் திரண்டு வரும். இவை அரிய காட்சிகள்தாம். ஆயினும் இரவில் தட்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே போகும் என்பதாலும், பல விடுதிகள் மூடியிருக்கும் என்பதாலும், குளிர்கால விழாவை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நாள் குறிப்பது

சாம் விழாக்கள் திபெத்திய சந்திர நாட்காட்டியின்படி வருகின்றன. ஆகவே ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஹெமிஸ் விழா ஐந்தாம் மாதத்தின் பத்தாம், பதினோராம் நாட்களில் நடைபெறுகிறது. திதி பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும்: 2024இல் ஜூன் 16, 17 தேதிகளிலும், 2025இல் ஜூலை 5, 6 தேதிகளிலும் விழா நடந்தது, இரண்டு முறையும் அது ஆனி மாதத்து வளர்பிறைத் தசமியை ஒட்டியே அமைந்தது. எனவே வீட்டு நாட்காட்டியைப் புரட்டி, ஆனி வளர்பிறைத் தசமி எந்த நாளில் வருகிறது என்று பார்த்தால், வரும் ஆண்டின் விழா ஏறக்குறைய எப்போது என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம். விடுப்புக்கு விண்ணப்பிக்க இந்தக் கணக்கு போதும். பயணச்சீட்டு எடுக்க இது போதாது. திபெத்திய நாட்காட்டியில் சில நாட்கள் இரட்டித்து வரும், சில நாட்கள் விடுபட்டுப்போகும். மாதக் கணக்கும் நம்முடையதோடு எப்போதும் ஒத்துப்போகாது. லடாக் சுற்றுலாத் துறை வெளியிடும் விழாப் பட்டியலோடு ஒப்பிட்டு, லேயில் நீங்கள் தங்கப்போகும் விடுதிக்காரரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

லேக்குச் சேர்வது

தமிழகத்திலிருந்து செல்வோருக்கு எளிய வழி, டெல்லிக்குச் சென்று அங்கிருந்து விமானத்தில் லேக்குப் போவது. டெல்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில் இயங்குகின்றன. வானிலை சரியில்லையென்றால் ரத்தாவதும் உண்டு. விழாவுக்கு முந்தைய நாள் வந்து சேரும்படி சீட்டு எடுப்பது இரண்டு வகையில் தவறு: விமானம் ரத்தானால் விழாவையே இழப்பீர்கள், ரத்தாகாமல் போய்ச் சேர்ந்தாலும் விழாவில் உட்கார முடியாத நிலையில் இருப்பீர்கள்.

நேரம் இருப்பவர்கள் ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் செல்லலாம். சோஜி கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள கார்கிலில் ஓரிரவு தங்கி, மறுநாள் லாமாயூரு வழியாக லேயை அடையும்போது உடல் படிப்படியாக உயரத்துக்குப் பழகிவிடும். மணாலி வழி அப்படியல்ல. அதில் 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்கள் இருக்கின்றன. நடுவழியில் சார்ச்சூவில் தங்கினால் லேயைவிட உயரமான இடத்தில் முதல் இரவைக் கழிக்க நேரிடும். மணாலி சாலையின் அழகைப் பார்க்க விரும்புவோர் அதைத் திரும்பும் வழியாக வைத்துக்கொள்ளலாம்.

உடலைப் பழக்குவது

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், கடல் மட்டத்திலுள்ள சென்னையில் இரவு உணவு சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை லேயில் இறங்குபவரின் உடல் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் சந்திக்கிறது என்பது விளங்கும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த விகிதத்தில் குறைகிறது. அதற்கு ஈடுகொடுக்க உடல் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்பதெல்லாம் இதில் பாதுகாப்பு அல்ல. திடகாத்திரமானவர்கள்தாம் முதல் நாளே ஊர் சுற்றக் கிளம்பிப் பெரும்பாலும் அவதிப்படுகிறார்கள்.

விமானத்தில் வந்தவர்கள் முதல் இரண்டு நாட்களை முழு ஓய்வுக்கு ஒதுக்க வேண்டும். விடுதியில் படுத்திருங்கள், மெதுவாக நடந்து கடைத்தெருவுக்குப் போய் வரலாம், படிகள் நிறைந்த லே அரண்மனைக்கு ஏறுவதை ஒத்திவையுங்கள். தாகத்துக்குக் குறையாமல் நீர் அருந்துங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மதுவையும் தூக்க மாத்திரையையும் அறவே தவிருங்கள். மூன்றாம் நாள் அருகிலுள்ள ஷே அரண்மனைக்கும் திக்சே மடத்துக்கும் சென்று வரலாம். அதன் பிறகு விழா. அதாவது, விழா தொடங்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன்னால் நீங்கள் லேயில் இருக்க வேண்டும். நான்கு நாட்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். இவை தென்பட்டால் மேலும் உயரமான இடத்துக்குப் போகாமல் ஓய்வெடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே லேயிலுள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயர நோயைத் தடுக்கப் பலர் அசிட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கும் சில நோய் உள்ளவர்களுக்கும் அது ஆகாது என்பதால், கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைக் கலந்து பேசாமல் எடுக்காதீர்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் பயணத்தைப் பற்றியே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஜூன் மாதத்துப் பகல் வெயில் தோலைச் சுடும். மேகம் மறைத்த மறுநிமிடம் குளிரும். ஆகவே ஒரே கனமான கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து கழற்றக்கூடிய உடைகளே வசதி. முழங்கையும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பு, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கான களிம்பு ஆகியவை அங்கே அத்தியாவசியம். அகன்ற விளிம்புள்ள தொப்பி பின்னால் இருப்பவரை மறைக்கும் என்பதால், தலையில் சுற்றிக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு எடுத்துச் செல்லலாம். குடை கட்டாயம் கூடாது. கல் தரையில் மணிக்கணக்கில் அமர வேண்டியிருக்கும். மடித்து வைக்கக்கூடிய சிறு விரிப்பு ஒன்றும், ஒரு லிட்டர் நீரும், பாதாம், உலர்ந்த சர்க்கரை பாதாமி (ஏப்ரிகாட்) போன்ற கொறிப்புகளும் பையில் இருக்கட்டும்.

பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் அட்டைகள் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். கைப்பணத்தை லேயிலேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை கவலை வேண்டாம்: லேயில் சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கின்றன, காய்கறி துக்பா (நூடுல்ஸ் சூப்), மொமோ (ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை), திங்மோ (ஆவியில் வெந்த ரொட்டி) என்று சைவ உணவுக்கும் குறைவில்லை. நாக்கு தவித்துப்போகும் என்று அஞ்சுவோர் ஒரு பொட்டலம் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம்.

விழா நாள் காலை

லேயிலிருந்து மணாலி நெடுஞ்சாலையில் காரு என்ற ஊர் வரை சென்று, அங்கே சிந்து நதியைக் கடந்து மேலேறினால் ஹெமிஸ் வரும். விழா நாட்களில் லேயிலிருந்து பேருந்துகளும் பகிர்வு வாகனங்களும் கிடைக்கும். தனி வாகனம் அமர்த்துவோர் முந்தைய நாளே பேசி வைக்க வேண்டும். லே வாடகை வண்டி ஓட்டுநர் சங்கம் நிர்ணயித்த கட்டணப் பட்டியல் இருப்பதால் பேரம் பேசும் தொல்லை குறைவு. ஹெமிஸ் கிராமத்திலேயே வீட்டுத் தங்கல்களும் கூடார முகாம்களும் உள்ளன. நன்றாக உயரத்துக்குப் பழகிவிட்டவர்களுக்கு இதுவே சிறந்த ஏற்பாடு; முதல் நாள் மாலையும் மறுநாள் அதிகாலையும் மடத்தின் அன்றாட வழிபாட்டைக் காண வாய்ப்புக் கிடைக்கும்.

காலை எட்டு மணிக்குள் முற்றத்துக்குப் போய்விடுங்கள். முதலில் வழிபாட்டு மண்டபத்துக்குச் சென்று வணங்கிவிட்டு வாருங்கள். செருப்பை வெளியே விட வேண்டும். இடமிருந்து வலமாகச் சுற்றிவர வேண்டும். சன்னிதியை நோக்கியோ துறவிகளை நோக்கியோ காலை நீட்டக் கூடாது. இவை நமக்குப் புதிதல்ல. கதாக் எனும் வெண்ணிறத் துணியைக் காணிக்கையாகச் சாத்துவது வழக்கம். லே கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு இடம் பிடிப்பது. ஹெமிஸ் முற்றம் நீள்சதுரமானது. நடுவில் வழிபாட்டுக் கொடிமரங்கள் நிற்கின்றன. வழிபாட்டு மண்டபத்தின் படிகள் வழியாகவே நடனமாடுவோர் இறங்கி வருவார்கள். அந்தப் படிகளைப் பார்க்கும்படியான இடமே சிறந்தது. காலையில் நிழலாக இருக்கும் மூலை நண்பகலில் கொதிக்கும். ஆகவே வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கணக்கிட்டு அமருங்கள். மாடங்களிலுள்ள இருக்கைகளுக்குக் கட்டணம் உண்டா என்பதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் என்னைக் கேட்டால் மாடத்தைவிடத் தரையே மேல். ஜபமாலையை உருட்டியபடியும் கைச்சக்கரத்தைச் சுழற்றியபடியும் வந்து அமரும் லடாக்கி முதியவர்களின் பக்கத்தில் இடம் கிடைத்தால், எப்போது எழ வேண்டும், எப்போது கைகூப்ப வேண்டும், எப்போது சிரிக்கலாம் என்பதெல்லாம் அவர்களைப் பார்த்தே தெரிந்துவிடும். அமரும் முன் 'ஜூலே' என்று வணக்கம் சொல்லி, இடம் காலியா என்று கேளுங்கள். ஊர் மக்கள் ஆண்டுதோறும் அமரும் இடங்கள் அவை, நாம் விருந்தினர்.

நடனத்தைப் பார்க்கும் முறை

முதலில் காது பழக வேண்டும். விழாவின் தொடக்கத்தை அறிவிப்பவை துங்சென் எனப்படும் நீண்ட உலோகக் கொம்புகள். ஆளைவிட நீளமான இவற்றின் ஆழ்ந்த ஒலி நெஞ்சுக்கூட்டில் அதிரும். கியாலிங் என்பது நாகசுரத்தைப் போலவே சீவாளி பொருத்தி ஊதும் கருவி. அதை ஊதும் துறவிகள் மூச்சுக்கு இடைவெளி விடாமல் வட்டமாகச் சுவாசித்து ஒலியைத் தொடர்வார்கள். கைப்பிடியுள்ள பெரிய பறைகளை வளைந்த கோலால் அடிப்பார்கள். ஆனால் ஆட்டத்தை உண்மையில் நடத்துவது கைத்தாளம். மூத்த துறவியின் கையிலுள்ள பெரிய வெண்கலத் தாளங்கள் தரும் ஒலியைக் கேட்டே நடனமாடுவோர் காலை எடுத்து வைக்கிறார்கள். முதல் நடனத்தின்போது ஆடுபவர்களை விட்டுவிட்டு, தாளம் போடும் கையை மட்டும் சற்று நேரம் கவனியுங்கள். அடிகளுக்கு இடையிலான இடைவெளி விரிவதும் சுருங்குவதும் புலப்பட்ட பிறகு, மெதுவாகத் தோன்றிய ஆட்டம் மெதுவாகத் தோன்றாது.

அடுத்து, ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். எட்டுப் பேர் கொடிமரத்தைச் சுற்றி வரும்போது எல்லோரையும் ஒருசேரப் பார்க்க முயன்றால் வண்ணங்கள்தாம் மிஞ்சும். ஒருவரைப் பாருங்கள். ஒரு காலை முழங்கால் மட்டத்துக்கு உயர்த்தி, தாளம் விழும்வரை ஒற்றைக் காலில் நின்று, பட்டு அங்கியின் அகன்ற கை காற்றில் விரியும்படி பாதி சுழன்று, அதே காலை மண்ணில் ஊன்றுகிறார். கைகள் இதற்கிடையில் ஒரு முத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகின்றன. முகமூடியின் கண்கள் அவருடைய கண்களுக்கு மேலே இருக்கின்றன. பெரும்பாலான முகமூடிகளில் அவர் வாய்த் துளையின் வழியாகவே தரையைப் பார்க்கிறார். கனமான அந்த முகமூடி நழுவாமல் இருக்கத் தலையைச் சுற்றித் துணி கட்டியிருப்பார்கள். நடனத்தின் நடுவே இளந்துறவி ஒருவர் ஓடிவந்து பின்னாலுள்ள கயிற்றை இறுக்கிவிட்டுப் போவதையும் பார்க்கலாம். 3,500 மீட்டருக்கு மேல், நண்பகல் வெயிலில், பல அடுக்குப் பட்டு உடையோடு அரைமணி நேரம் இப்படி ஆடுவது என்ன உழைப்பு என்பது, படியேறும்போதே மூச்சு வாங்கிய நமக்கு நன்றாகவே தெரியும். ஆடுபவர்கள் தியானத்தின் வழியாகத் தம்மை அந்தத் தெய்வமாகவே பாவித்து ஆடுகிறார்கள் என்பதும், அதற்கான மந்திர வழிபாடு பல நாட்களுக்கு முன்னரே மடத்தினுள் தொடங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நாம் முற்றத்தில் காண்பது அந்த நீண்ட வழிபாட்டின் வெளிப்புறம் மட்டுமே.

ஹெமிஸின் சிறப்பான காட்சி பத்மசம்பவரின் எட்டு வடிவங்கள் ஊர்வலமாக வருவது. எட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து திபெத்துக்குச் சென்று, சம்யே மடம் எழ விடாமல் தடுத்த ஆவிகளை நடனமாடி அடக்கியவர் அவர் என்பது மரபு. சாம் நடனத்தின் தோற்றத்தையும் அந்த நிகழ்ச்சியோடுதான் இணைத்துச் சொல்கிறார்கள். சாந்தமான முகங்களும் சினந்த முகங்களும் ஒரே குருவின் வடிவங்கள்தாம். புலிமேல் நிற்பதாகச் சித்திரிக்கப்படும் தோர்ஜே த்ரோலோ மிகச் சினம் கொண்ட வடிவம். துறவி உடையில் வரும் சாக்கிய செங்கே அமைதியான வடிவம். வண்ணக் குடையின் கீழ் பொன்னிற முகமூடியோடு வருபவர் குருவே. அவர் வரும்போது முதியவர்கள் எழுந்து தலைவணங்குவதைக் காண்பீர்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள், கேமராவைத் தாழ்த்துங்கள்.

முகமூடி இல்லாமல், அகன்ற கறுப்புத் தொப்பியோடு ஆடப்படும் நடனம் பல மடங்களின் விழாக்களில் உண்டு. பௌத்தத்தை ஒடுக்கிய மன்னன் லங்தர்மாவை 842ஆம் ஆண்டளவில் கொன்ற துறவி பல்கி தோர்ஜேயின் கதையோடு மரபு இதை இணைக்கிறது. அங்கியின் அகன்ற கைகளுக்குள் வில்லையும் அம்பையும் மறைத்துக்கொண்டு அவர் மன்னன் முன் ஆடினாராம். கரி பூசிக் கறுப்பாக்கிய வெள்ளைக் குதிரையில் தப்பியோடி, ஆற்றைக் கடக்கையில் கரி கரைந்து குதிரை மீண்டும் வெண்மையாகிவிட, தேடி வந்தவர்கள் ஏமாந்தார்களாம். கொல்லாமையை முதல் நெறியாகக் கொண்ட சமயத்தில் இது எப்படி என்ற கேள்வி எழும். தீயவன் மேலும் தீவினை சேர்ப்பதைத் தடுக்கும் கருணையால் செய்த செயல் என்று மரபு விளக்குகிறது. இந்த விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் பார்ப்பவரைப் பொறுத்தது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தக் கைகளின் ஒவ்வொரு விரிப்பிலும் உள்ள இறுக்கம் புரியும்.

எலும்புக்கூட்டு உடையில் வருபவர்கள் சுடுகாட்டின் காவலர்கள். வேடிக்கை காட்டிக் குழந்தைகளைத் துரத்தும் பாத்திரங்களும் இடையிடையே வருவார்கள். அவர்கள் உங்களிடம் வந்து தொப்பியைப் பிடுங்கினாலோ காணிக்கை கேட்டாலோ சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளுங்கள். விழாவின் உச்சம் மாவினால் செய்த ஓர் உருவத்தை வாளால் வெட்டிச் சிதறடிப்பது. அகந்தை, அறியாமை, அறத்துக்குப் பகையான யாவும் அந்த உருவத்தில் அழைக்கப்பட்டு அழிக்கப்படுவதாகக் கொள்கிறார்கள். உருவம் சிறியது, தரையில் கிடப்பதால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முற்றத்தின் நடுவே சிறு தட்டோ முக்கோணப் பெட்டியோ கொண்டுவந்து வைக்கப்பட்டால் அந்த நேரம் நெருங்கிவிட்டது என்று அறிந்து விழிப்பாக இருங்கள்.

சினந்த தெய்வ உருவங்களைக் கண்டதும் இது நம் காளி, இது நம் பைரவர் என்று பெயர் சூட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்பிடுக் மடத்தின் காவல் தெய்வச் சன்னிதியைக் காளி கோயில் என்றே பல பயணிகள் அழைக்கிறார்கள். அங்கே வணங்கப்படுபவை வஜ்ரபைரவர், பல்தன் லாமோ முதலிய பௌத்தக் காவல் தெய்வங்கள். ஆண்டு முழுவதும் துணியால் மூடப்பட்டிருக்கும் அவற்றின் முகங்கள் கஸ்டோர் விழாவின்போது மட்டுமே திறக்கப்படுகின்றன. தாந்திரிக மரபில் இரு சமயங்களுக்கும் பொதுவான வேர்கள் இருப்பது உண்மை. ஆயினும் அவர்களுடைய தெய்வத்துக்கு அவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வணங்குவதுதான் மரியாதை.

படம் எடுப்பது, ஓய்வு, திரும்புவது

முற்றத்தில் படம் எடுக்கத் தடையில்லை. ஆட்டக் களத்துக்குள் கால் வைப்பது, ஆடுபவரை வழிமறித்துப் படம் எடுப்பது, உடை மாற்றும் அறைக்குள் எட்டிப்பார்ப்பது, கொடிமர மேடையில் ஏறுவது ஆகியவை கூடாதவை. ட்ரோன் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். மண்டபத்துக்குள் ஃபிளாஷ் பயன்படுத்தாதீர்கள்; அங்குள்ள சுவரோவியங்கள் பழமையானவை. பெராக் எனும் நீலப்பச்சைக் கற்கள் பதித்த தலையணியோடு வரும் பெண்களைப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். கேட்டுவிட்டு எடுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். என் அறிவுரை, முதல் நாள் காலையில் வேண்டிய படங்களை எடுத்துவிட்டு, அதன் பிறகு கேமராவைப் பையில் வைத்துவிடுவது.

நண்பகலில் நீண்ட இடைவேளை விடுவார்கள். அப்போது சுற்றுலாக் கூட்டத்தில் பாதி கலைந்துவிடும். பிற்பகலில் முன்வரிசை எளிதாகக் கிடைக்கும். மடத்துக்கு வெளியே போடப்பட்டிருக்கும் கூடாரக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு, வெண்ணெயும் உப்பும் கலந்த குர்குர் தேநீரையும் ஒருமுறை அருந்திப் பாருங்கள். தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது. வடிகட்டிய சூப் என்று எண்ணிக்கொண்டால் இரண்டாம் குவளையும் கேட்பீர்கள். இடைவேளையிலேயே மடத்தின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். ஞெகிழிக் குப்பையை மடத்தில் விட்டுவிடாமல் லேக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் குப்பையை அகற்றும் வசதி குறைவு.

முதல் நாள் மாலை தலை கனப்பதாக உணர்ந்தால் மறுநாள் காலை தாமதமாகச் செல்லுங்கள். இரண்டாம் நாள் நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே குறுகிய மலைச்சாலையில் இறங்கும். ஒன்றிரண்டு மணி நேரம் நெரிசலில் சிக்கலாம் என்பதால் அன்று மாலைக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள். ஊர் திரும்பும் விமானத்தை மறுநாளைக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீண்டகாலத் திட்டம் வகுப்போருக்கு ஒரு செய்தி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் குரங்கு ஆண்டில், முத்துக்கள் பதித்த பத்மசம்பவரின் மாபெரும் பட்டுத் தங்கா (துணியில் அமைந்த சமயச் சித்திரம்) ஹெமிஸ் முற்றத்தின் சுவரில் தொங்கவிடப்படும். 2004இலும் 2016இலும் அவ்வாறு காட்டப்பட்டது. அடுத்த குரங்கு ஆண்டு 2028. அந்த ஆண்டு கூட்டம் பலமடங்கு இருக்கும் என்பதால், அதற்குப் போக விரும்புவோர் அதற்கு முந்தைய கோடையிலேயே ஹெமிஸ் கிராமத்தில் ஒரு வீட்டைப் பேசி வைப்பது நல்லது. முடிந்தால் அதற்கு முன் ஒரு சாதாரண ஆண்டில் சென்று, நடனங்களின் வரிசையையும் முற்றத்தின் அமைப்பையும் பழகிக்கொண்டு வாருங்கள்.